எடுத்துக்கொடுப்பவள்

நாடகத்தில் நடிப்பவர்களுக்கு வசனம் மறந்துபோனால், மேடை ஓரத்தில் மறைவாக உட்கார்ந்து அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பவள் நான். முப்பத்தொரு வருஷம் ஒரே அரங்கம், ஒரே இடது ஓரம், ஒரு கால் குட்டையான ஒரே நாற்காலி. நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் நான் ஒருத்தி அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பு செய்தால் அறுநூற்றைம்பது பேருக்கும் தெரியும். இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டியது யார் என்று கேட்டால், என் கூடப் பிறந்த அக்காவின் முகம்தான்.

அக்கா நடிகை. இளவயதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இந்த அரங்கத்துக்கு வாய்ப்பு கேட்டு வந்தோம். அப்போதிருந்த டைரக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவளுக்கு முகம் இருக்கு, சின்னவளுக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அவ்வளவுதான், ஒரே நிமிஷத்தில் இரண்டு பேருடைய வாழ்க்கையையும் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டார். அவளுக்கு மேடை, எனக்கு மேடை ஓரம். பொறாமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நிறைய இருந்தது. அவள் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் அவளுக்கு அரை நொடி முன்னால் நான் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவளைவிட நன்றாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை நெருங்க முடியாது. அக்காவின் மௌனம். வசனம் பேசிக்கொண்டே வருவாள், திடீரென்று நிறுத்துவாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருமல் வந்தவன்கூட விழுங்கிக்கொள்வான். அவளாக மறுபடி வாய் திறக்கும்வரை அந்த அரங்கத்தில் ஒரு பொருளும் அசையாது. இருபது வருஷம் முன்பு ஒரு தடவை, மறந்துவிட்டாளோ என்று பயந்து, அந்த மௌனத்துக்கு நடுவே நான் வசனத்தை எடுத்துக்கொடுத்துவிட்டேன். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு ஒப்பனை அறையில் அவள் கத்தவில்லை. சீப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் சும்மா இருக்கறதுக்கும் மறந்துபோறதுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நீ எதுக்குடீ அங்க உக்காந்திருக்க?" என்றாள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அவளுடைய மௌனத்துக்குள் காலை வைத்ததில்லை. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம், அதை நான் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் அரங்கத்தின் சீசன் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். செவ்வாயும் புதனும் இசை, வெள்ளி முதல் ஞாயிறு வரை நாடகம். மஞ்சள் அட்டை போட்ட புத்தகம் ஒன்று அச்சடிப்பார்கள், எந்த நாளில் யார் என்று. போன சீசன் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அக்காவின் படம் இருந்தது. பத்து வருஷம் பழைய படம். "புதுசா எடுக்கலாமே" என்றேன். "எடுத்தா டிக்கெட் விக்காதுடீ" என்றாள். அவளுக்கு வயது அறுபத்து நாலு, எனக்கு ஐம்பத்தெட்டு. அவள் கணவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, எனக்கு அந்தத் தொல்லையே இருந்ததில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, ஆளுக்கொன்று.

அந்த சீசனின் நாடகத்தில் அவள் ஒரு தங்கும் விடுதி நடத்தும் அம்மா. தூரதேசத்தில் இருக்கும் மகன் வரப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி, அவனுக்காக ஓர் அறையைக் காலி செய்யச் சொல்கிறாள். அதில் இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கடிதம் வருகிறது, மகன் வரவில்லை என்று. அவள் படிக்கிறாள், மடிக்கிறாள், சும்மா நிற்கிறாள். பிறகு அந்த மனிதரிடம், "பெட்டியைக் கீழ வைங்க. நீங்களே இருங்க" என்கிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் முடிவு. அந்தச் சும்மா நிற்பதற்காகத்தான் நாடகமே. அக்காவை மனதில் வைத்துத்தான் எழுதியிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒத்திகை தொடங்கியது. இரண்டாவது வாரம் அவள் சாப்பாட்டு மேஜையில் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு, "குட்டி, இந்த அம்மாவுக்குப் பையன் இருக்கானா?" என்று கேட்டாள். என்னை அவள் குட்டி என்றுதான் கூப்பிடுவாள், பல் போன பிறகும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நானே கேலி செய்வேன். கேள்வியைக் கேட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒத்திகையின் இடைவேளையில் காணாமல் போனாள். தேடிப் போனால், வாத்தியங்கள் வைக்கும் அறையில், ஆள் உயரப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "வழி மாறிட்டேன்" என்றாள். முப்பது வருஷமாக நடந்த நடைபாதை அது.

மருத்துவர் மூளையைப் படம் எடுத்தார். விளக்கின் முன்னால் பிடித்துக் காட்டினார். நோயின் பெயரைச் சொன்னார், இனி இறங்குமுகம்தான் என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சிலருக்கு மெதுவாக, சிலருக்கு வேகமாக என்றார். அந்தப் பதிலை எங்கள் கட்டிடத்து லிஃப்ட்காரன்கூடச் சொல்வான். வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம்.

"இந்த சீசன் மட்டும் முடிச்சுடறேன்" என்றாள் அக்கா.

"அக்கா, டைரக்டர்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாங்க. குட்டி, மறந்து போறதுக்கு நான் பயப்படலை. மறந்தா மறந்துட்டுப் போறேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுடீ. அவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அது மட்டும் நடக்கக் கூடாது."

"நடக்காது."

"சத்தியமா?"

"நான்தான் இருக்கேன்ல."

அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. நல்ல தங்கையாக இருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன், அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

வழி கண்டுபிடித்தோம். ஒலிப்பதிவுக்காரரிடம் அக்காவின் காது கொஞ்சம் மந்தம் என்று ஒரு பொய் சொல்லி, காதுக்குள் வைக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். முடியால் மறைத்துக்கொண்டால் தெரியாது. என் பக்கம் ஒரு ஒலிவாங்கியும் ஒரு பொத்தானும். பொத்தானை அழுத்திப் பேசினால் அவளுக்கு மட்டும் கேட்கும். சாதாரண வசனங்களுக்கெல்லாம் முதல் வார்த்தையை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அவள் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். மௌனங்களில்தான் சிக்கல். அங்கே நான் எப்போது பேசுவது?

"மௌனத்துல நீ வாயே திறக்கக் கூடாது" என்றாள் அக்கா. "அது என்னோடது."

"அங்க மறந்துட்டா?"

யோசித்தாள். "மறந்துட்டேன்னா இடது கையால கம்மலைத் தொடறேன். தொட்டா சொல்லு. தொடலைன்னா நான் நடிச்சுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

நல்ல ஏற்பாடு என்று இரண்டு பேருமே நினைத்தோம். ஒத்திகையில் நாலைந்து தடவை கம்மலைத் தொட்டாள், நான் சொன்னேன், பிசிறில்லாமல் போனது. டைரக்டர் முப்பத்தைந்து வயதுப் பையன், எங்கள் இருவரையும் அம்மா என்று கூப்பிடுவான். "கம்மலைத் தொடறீங்களே அம்மா, அது ரொம்ப நல்லா இருக்கு, வச்சுக்குங்க" என்றான். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் முதல் காட்சி. அரங்கம் நிறைந்தது. நவம்பரிலும் நிறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாது என்பார்கள், நாங்கள் இரண்டு மாதம் மறைத்தோம். பத்திரிகையில் அவளைப் பற்றி அரைப்பக்கம் எழுதினார்கள். அதை வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் மேல் ஒட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அதைப் புதிதாகப் படித்துவிட்டு, "யாரோ நல்லா எழுதியிருக்காங்க" என்பாள்.

டிசம்பரில் நிலைமை மாறியது. கண்ணாடி முன்னால் பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டுவிட்டு எழுந்து வந்தாள், நான் மீதிப் பாதிக்குப் போட்டேன். ஒரு புதன்கிழமை, சம்பளச் சீட்டு வாங்க அரங்கத்துக்குப் போயிருந்தோம். மேடையில் பியானோக்காரர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அக்கா நேராக அவர் பக்கத்தில் போய் நின்று, "எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்றாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. நாடகத்தில்தான் உண்டு. பியானோக்காரர் எழுந்து நின்று, பிரபல நடிகை தன்னிடம் அன்பாகப் பேசிவிட்டார் என்று நெகிழ்ந்துபோனார். நான் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு டைரக்டர் நடைபாதையில் என்னை மறித்தான். "அம்மா, பெரியம்மாவுக்கு உடம்பு ஏதாவது...?"

"தூக்கம் சரியில்லை. குளிர் ஒத்துக்கலை."

"ஒண்ணும் இல்லையே?"

"இருந்தா நான் சொல்ல மாட்டேனா?"

இப்படி ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டால் எதிராளி வாயடைத்துப் போவான் என்பது எனக்குத் தெரியும். நாடக வசனமாகவே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பாவம், அவன் கேட்ட அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். இன்னும் மூன்று மாதம்தானே என்று நான் கணக்குப் போட்டேன். கண்ணெதிரே பள்ளம் தெரிந்தும் நடந்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக் காட்சி. மூன்றாவது மணி அடித்துக் கதவைச் சாத்தினார்கள். ஓர் இருக்கையும் காலியில்லை. முதல் இரண்டு அங்கத்திலும் அக்கா அசத்தினாள். நான் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுக்கும் முன்பே பல இடங்களில் அவளே பேசிவிட்டாள். எனக்குக் காலை மடக்கி உட்காரும் அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது. மருத்துவர் சொன்னதெல்லாம் தப்போ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அக்காவை அவர் எங்கே பார்த்திருக்கிறார், படத்தைத்தானே பார்த்தார்.

கடைசிக் காட்சி. எதிரே அந்த நடிகர் கையில் பெட்டியோடு நிற்கிறார். அக்கா கடிதத்தைப் படித்தாள். மடித்தாள். சும்மா நின்றாள்.

வழக்கமாக ஏழு மூச்சு. நான் எண்ணுவேன். ஏழு ஆனது. எட்டு. ஒன்பது. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் அவள் இடது கையைப் பார்த்தேன். கை கடிதத்தின் மேலேயே இருந்தது. கம்மல் பக்கம் போகவில்லை. பத்து, பதினொன்று. மெதுவாகத் தலையைத் திருப்பி, நான் இருக்கும் ஓரத்தைப் பார்த்தாள். ஒத்திகையில் இல்லாத அசைவு. அந்த அம்மா தன் வீட்டுக்குள்ளேயே எதையோ தேடுகிறாள் என்று எனக்குப் பட்டது. உதடு லேசாகத் திறந்தது, பேச்சு வரவில்லை. கண்ணில் அப்படி ஒரு வெறுமை. முப்பத்தொரு வருஷத்தில் அவள் அப்படி நடித்து நான் பார்த்ததில்லை.

"என்னம்மா இது, பின்னிட்டாங்க" என்று, மேடைக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் பேசிக்கொள்ள நான் தலையில் மாட்டியிருந்த கருவியில் விளக்குக்காரரின் குரல் கேட்டது. அவருக்குப் பல்பு என்று பெயர் வைத்தது அக்காதான். அழுதுகொண்டிருந்தார் போலிருக்கிறது, குரல் கரகரத்தது. நானும் அழுதேன். பொறாமை கொஞ்சம்கூட இல்லாமல் அவளை ஒரு தடவையாவது பார்த்தேன் என்றால் அது அப்போதுதான். முகம் இருக்கு என்று அந்தப் பழைய டைரக்டர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். எங்கே என் விரல் தவறி இதைக் கெடுத்துவிடுமோ என்று பொத்தானிலிருந்து கையையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"குட்டி" என்றாள் அக்கா.

நாடகத்தில் குட்டி என்று யாரும் இல்லை.

"குட்டி, நான் இப்ப என்ன சொல்லணும்?"

சத்தமாகக் கேட்டாள். கடைசி வரிசைவரை போகும் குரல் அவளுடையது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பதற்கான இடம் என்று நினைத்திருக்கலாம், பயத்திலும் சிரித்திருக்கலாம். ஒருவர் சிரித்தால் பத்துப் பேர் சிரிப்பார்கள். நான் பொத்தானைத் தேடி அழுத்தினேன். "பெட்டியைக் கீழ வைங்க, பெட்டியைக் கீழ வைங்கக்கா" என்றேன். காதுக்குள் குரல் கேட்டதும் அவள் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யார் பேசுவது என்று. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். அரங்கமே சிரித்தது. பெட்டி பிடித்திருந்த நடிகர் கிட்டே போய்த் தோளைத் தொட்டார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். பல்பு யாரையும் கேட்காமல் எல்லா விளக்கையும் அணைத்தார்.

இருட்டில் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

மறந்துபோனால் கம்மலைத் தொட வேண்டும் என்று அவள் சொன்னாள், நானும் சரி என்றேன். கம்மலைத் தொட வேண்டும் என்பதையும் மறந்துபோவாள் என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே. அவளுக்குத் தோன்றாதது நோயினால். எனக்கு என்ன கேடு? ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுடைய மறதியை வைத்துச் சாப்பிட்டவள் நான், மறதி என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அரங்கத்தின் வாசலில் உடல்நலக் குறைவு காரணமாக என்று ஒரு தாள் ஒட்டினார்கள். மீதி நாட்களுக்கு வயலின் கச்சேரி போட்டு நிரப்பினார்கள். டைரக்டர் வீட்டுக்கு வந்தான். "நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்று சொல்வதுகூடப் பெருமைதான், அவர்கள் கூப்பிடவில்லை.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள். கணவரை மறந்துவிட்டாள். நடித்த நாடகங்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. குளிர்சாதனப்பெட்டியின் மேல் இருக்கும் பத்திரிகையில் உள்ள பெண் யார் என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன நோய் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துக்கொண்டு போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. பகல் சாப்பாடு முடிந்து வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் அவள் முகம் ஒரு மாதிரி ஆகும். எழுந்து வந்து என் எதிரே நிற்பாள். பேரெல்லாம் மறந்தவளுக்கு என் பேர் மட்டும் வரும்.

"குட்டி, நீ ஏன் எடுத்துக்குடுக்கலை?"

முதலில் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கருவி பழுது என்றேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை, கனவு கண்டிருப்பாய் என்றேன். எதைச் சொன்னாலும் அவள் நம்பாமல் என்னையே பார்ப்பாள், மேடையிலிருந்து பார்த்த அதே பார்வை. நேற்று எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"நீ நடிக்கிறேன்னு நெனச்சேன்க்கா. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் வாய் திறக்கலை."

அவள் முகம் மலர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவா? நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. நான் அழுதுட்டேன்."

கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டே சந்தோஷமாக இருந்தாள். பிறகு தடவுவதை நிறுத்தினாள்.

"அப்புறம் ஏன்டீ எல்லாரும் சிரிச்சாங்க?"